கனவில் தோன்றிய பெருநாகம்

எவரும் விழித்த கண்ணால் கண்டிராத ஒரு விலங்கைப் பல நாட்டு மக்கள் உறங்கும் கண்ணால் கண்டிருக்கின்றனர். சீனர் கண்டனர், கொரியர் கண்டனர், பாரசீகரும் கிரேக்கரும் கண்டனர். அரபு மொழிக் கனவு நூல்களிலும் அதற்கெனத் தனித் தலைப்பு உண்டு. ஆங்கிலத்தார் டிராகன் என வழங்கும் பெருநாகமே அவ்விலங்கு.

கனவில் அது எவ்வாறு வந்தது என்பதைக் காட்டிலும், கேட்டவர்கள் அதற்கு என்ன பொருள் கூறினர் என்பதே வரலாறு பயில்வோர் கேட்க வேண்டிய கேள்வி. ஒருவர் அதனை அரசன் என்றார். மற்றொருவர் மறைந்து நிற்கும் பகைவன் என்றார். செல்வம் என்றவரும் உண்டு. நீண்ட காலம் என்றவரும் உண்டு. நோயாளி கண்டால் மரணம் என்று அஞ்சியவரும் உண்டு. ஓர் உருவம் இத்தனை பொருள்களை எவ்வாறு சுமந்தது? இவற்றுள் எதுவேனும் நிலையானதா? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்படுவோமாயின், கனவுக் கலையின் மிகப் பழைய விதியொன்று நமக்குக் கிட்டும். அவ்விதி எங்கே பிறந்தது, எவ்வழியே பயணம் செய்தது, எங்கே கைநழுவிப் போயிற்று என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் உருவும்

தமிழில் இவ்விலங்குக்கு நிலைத்த பெயர் இல்லை. தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் ‘வலுசர்ப்பம்’ என்றனர். கிரேக்க மொழியின் ‘டிராகோன்’ என்னும் சொல் தொடக்கத்தில் பெரிய பாம்பையே குறித்தது. கூர்ந்து நோக்குதல் என்னும் பொருளுடைய வினையடியினின்று அச்சொல் பிறந்ததென மொழிநூலார் கூறுவர். இமையாது நோக்கும் பாம்பின் கண்ணை நினைவிற் கொள்வோர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். சிறகும் தீயும் பின்னர் வந்து சேர்ந்தவை.

அரபியில் ‘தின்னீன்’ என்பர். எபிரேயத்தின் ‘தன்னீன்’ அதன் உடன்பிறப்பு. அரபியரின் தின்னீன் பாம்பாக மட்டும் நின்றுவிடவில்லை. வடவானில் வளைந்து கிடக்கும் விண்மீன் கூட்டம் ஒன்றுக்கும் அதுவே பெயர். நம் நாட்டார் ராகு, கேது என வழங்கும் இரு புள்ளிகளையும் அரபு வானநூலார் தின்னீனின் தலை என்றும் வால் என்றும் குறித்தனர். கடலினின்று வானுக்கு எழும் நீர்த்தூணையும் மாலுமிகள் தின்னீன் என்றனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் பயண அறிஞர் மஸ்ஊதி, தின்னீன் என்பது கடலடியில் தோன்றும் கரிய காற்றே எனச் சிலர் கருதியதையும் தம் நூலில் பதிவு செய்துள்ளார். பாரசீகரின் ‘அஜ்தஹா’வோ அவெஸ்தா காலத்து மூன்று தலை அரக்கப் பாம்பின் வழிவந்தது.

ஆகவே, கனவுக்குப் பொருள் கூற அமர்ந்தவர் முன் வந்து நின்றது வானிலும் கடலிலும் நிலத்தடியிலும் உலவிய ஓர் உருவம். அதற்குப் பொருள்கள் பல கிளைத்ததில் வியப்பில்லை.

அன்னையர் கண்ட கனவு

கிழக்கிலிருந்து தொடங்குவோம். சீனத்தில் ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங் எளிய உழவர் குடியிற் பிறந்தவர். கி.மு. 202இல் அரியணை ஏறிய அவருக்குக் காட்டிக்கொள்ள அரச மரபு ஏதுமில்லை. கி.மு. 100ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரலாறு எழுதிய ஸிமா சியென் அவருடைய பிறப்பைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறார். அவருடைய தாய் பெரியதோர் ஏரிக்கரையில் இளைப்பாறியபோது தெய்வமொன்றைச் சந்திப்பதாகக் கனவு கண்டார். அவ்வேளையில் இடி இடித்து மின்னல் வெட்டி இருள் சூழ்ந்தது. தேடி வந்த கணவர், அவருக்கு மேலே ஒரு டிராகன் படிந்திருப்பதைக் கண்டார். பின்னர்ப் பிறந்த மகனே லியூ பாங்.

இக்கதையின் பயன் யாதென்று விளக்கத் தேவையில்லை. தந்தை வழியில் கிடைக்காத அரசுரிமையைத் தாயின் கனவு வழங்கிவிட்டது. பிற்காலத்தில் சீனப் பேரரசர்கள் ஐந்து நகமுடைய டிராகனைத் தம் ஆடைக்கும் அரண்மனைக்கும் உரிய சின்னமாக்கிக் கொண்டனர்; பிறர் அதனை அணிவதைத் தடுத்தனர். சீனர் கனவில் டிராகன் வந்தால் அஞ்சாமல் மகிழ்ந்ததற்கு அவ்வுருவம் மழையோடும் அரசனோடும் பிணைந்திருந்ததே காரணம்.

கொரியாவில் இக்கனவு அரண்மனையை விட்டு அறிஞர் இல்லத்திற்கு வந்தது. கருவுற்ற காலத்தில் தாயோ உறவினரோ காணும் கனவைக் கொண்டு குழந்தையின் வருங்காலத்தை அறியும் வழக்கம் அந்நாட்டில் இன்றும் உண்டு. ஷின் சைம்தாங் என்னும் ஓவியப் பெருமாட்டி, கடலினின்று எழுந்த கரிய டிராகன் ஒன்று தம் அறையை நோக்கிப் பறந்து வரக் கனவு கண்டார் என்பது மரபு. 1536இல் அவருக்குப் பிறந்த மகனே கொரியாவின் தலைசிறந்த சிந்தனையாளருள் ஒருவரான யீ ஈ. காங்நங் நகரில் அவர் பிறந்த அறை ‘கனவு டிராகன் அறை’ என்னும் பொருள்பட இன்றும் அழைக்கப்படுகிறது. தாயின் உருவமும் மகனின் உருவமும் அந்நாட்டுப் பணத்தாள்களில் இடம்பெற்றுள்ளன. அங்கே டிராகன் முன்னறிவித்தது வாளையன்று, கல்வியை.

இரு பெருநாகங்களும் ஒரு பெருநாகமும்

மேற்கே வரும்போது பெருநாகத்தின் முகம் மாறுகிறது. பாரசீக மன்னரின் சூசா நகரை நிலைக்களமாகக் கொண்ட எஸ்தரின் கதை யூதர்களின் வேதத் தொகுதியில் உள்ளது. அதன் எபிரேய மூலத்தில் இல்லாத ஒரு கனவு கிரேக்க வடிவத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. மொர்தெகாய் என்னும் பெரியவர், இரு பெருநாகங்கள் முழக்கமிட்டுப் போருக்கு எழுவதையும், சிறு ஊற்றொன்று பேராறாகப் பெருகுவதையும் காண்கிறார். கதையின் இறுதியில் அவரே பொருளும் கூறுகிறார். ஆறு, தம் இனத்தைக் காத்த எஸ்தர். பெருநாகங்களுள் ஒன்று, அவ்வினத்தை அழிக்கச் சூழ்ச்சி செய்த ஆமான். மற்றொன்று யார்? அது தாமே என்கிறார் மொர்தெகாய்!

தீயவனுக்கும் அவனை எதிர்த்து நின்ற நல்லவருக்கும் ஒரே உருவத்தைத் தரத் தயங்கவில்லை அக்கதை. பெருநாகம் அங்கே நன்மையின் சின்னமும் ஆகவில்லை, தீமையின் சின்னமும் ஆகவில்லை, ஆற்றலின் சின்னமாயிற்று.

பாரசீகரின் ஷாஹ்நாமா வேறொரு கனவைக் காட்டுகிறது. கி.பி. 1010இல் ஃபிர்தௌசி முடித்த அக்காவியத்தில் வரும் ஸஹ்ஹாக், அவெஸ்தாவின் பழைய அரக்கப் பாம்பே மன்னனாக உருமாறி வந்தவன். இப்லீஸ் முத்தமிட்ட அவன் தோள்களில் இரு பாம்புகள் முளைத்தன. நாள்தோறும் இரு இளைஞரின் மூளையை அவற்றுக்கு இரையாக இட வேண்டியதாயிற்று. அத்தகைய பெருநாக மன்னன் ஓரிரவு தானே கனவு காண்கிறான். மூன்று வீரர்கள் தோன்றுகின்றனர். அவர்களுள் இளையவன் பசுத்தலை பொறித்த கதாயுதத்தால் அவனை வீழ்த்திக் கட்டித் தமாவந்த் மலைக்கு இழுத்துச் செல்கிறான். மன்னன் அலறிய அலறலில் நூறு தூண் மாளிகை நடுங்கிற்று.

ஞானியரை அழைத்துப் பொருள் கேட்டான். பொருள் அனைவருக்கும் விளங்கிற்று. ஆனால் மூன்று நாள் வரை எவரும் வாய் திறக்கவில்லை. உண்மை சொன்னால் தலை போகும், சொல்லாவிடினும் போகும். இறுதியில் ஒருவர் துணிந்து, ஃபரீதூன் என்பவன் பிறந்து உன்னை வீழ்த்துவான் என்றார். அதன் பின் ஸஹ்ஹாக் செய்ததென்ன? கனவு உணர்த்திய கொடுமையை நிறுத்தினானில்லை. பிறந்த குழந்தையைத் தேடலானான். அதன் தந்தையைக் கொன்றான். அதற்குப் பாலூட்டிய பசுவையும் கொன்றான். பிள்ளைகளைப் பறிகொடுத்த கொல்லன் காவா தன் தோல் ஆடையைக் கொடியாக உயர்த்திய நாளில் கனவு நனவாயிற்று.

இங்கே மற்றொரு மன்னரின் கனவை நினைவுகூர்தல் பொருந்தும். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் உண்ணக் கண்ட எகிப்து மன்னரின் கனவைத் திருமறையின் யூசுஃப் அத்தியாயம் கூறுகிறது. அரசவையோர் அதனைக் குழம்பிய கனவு எனத் தள்ளினர். சிறையிலிருந்த நபி யூசுஃப் (அலை) அதன் பொருளைக் கூறியதோடு, ஏழாண்டு விளைச்சலைக் கதிரிலேயே சேமித்து வைக்கும் வழியையும் கூறினார். ஒரு கனவு ஒரு நாட்டைப் பசியினின்று காத்தது. மற்றொரு கனவு ஒரு குழந்தையை வேட்டையாடப் பயன்பட்டது. கனவின் நன்மையும் தீமையும் கண்ட காட்சியோடு முடிந்துவிடுவதில்லை. அதன் பொருளைக் கேட்டவர் என்ன செய்தார் என்பதையும் சார்ந்தது.

எபேசு நகரத்து ஆசிரியர்

கிரேக்கர் பெருநாகத்தைப் பலவாறு கண்டனர். போரில் நச்சுக் காயமுற்றுக் கிடந்த தோழர் தாலமியின் அருகே கண்ணயர்ந்த அலெக்சாந்தரின் கனவில், அவர் தாய் ஒலிம்பியாஸ் வளர்த்த நாகம் வாயில் ஒரு வேரைக் கவ்விக்கொண்டு வந்து, அது விளையும் இடத்தையும் கூறிற்றாம்; தேடிக் கண்டெடுத்த வேரால் தாலமி பிழைத்தாராம். உரோம அறிஞர் சிசரோ கி.மு. 44இல் குறிகளையும் கனவுகளையும் ஆராய்ந்து எழுதிய நூலில் இக்கதையை எடுத்துக்கூறி, அதனை நம்ப மறுத்தார். நஞ்சுடைய நாகமே மருந்தும் கொணரும் என்னும் எண்ணம் மட்டும் மருத்துவத் தெய்வத்தின் கோலைச் சுற்றிய பாம்பாக நிலைத்துவிட்டது.

இத்தகைய கதைகளையெல்லாம் ஓர் ஒழுங்குக்குள் கொணர்ந்தவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்ட்டெமிடோரஸ். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள எபேசு அவரது ஊர். தாயின் ஊரான டால்டிஸின் பெயரால் தம்மை அழைத்துக்கொண்டார். கனவு பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் தேடி வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. கிரேக்கம், ஆசியா, இத்தாலி முதலிய நாடுகளின் சந்தைகளில் அமர்ந்து குறி சொல்லி, மேன்மக்களால் இகழப்பட்டவர்களோடும் பல்லாண்டு பழகினார். மக்கள் கண்ட கனவுகளையும் அவற்றின் விளைவுகளையும் திரட்டி ஐந்து பகுதிகளாக எழுதினார். இறுதி இரண்டையும் தம் மகனுக்காகவே எழுதினார்.

பெருநாகம் பற்றி அவர் தரும் பொருள்கள் காரணத்தோடு கூடியவை. ஆற்றல் மிக்கதாதலால் அது அரசனைக் குறிக்கும். நீண்டிருப்பதாலும், தோலுரித்து மீண்டும் இளமை பெறுவதாலும் காலத்தைக் குறிக்கும். புதையலைக் காப்பதாகக் கருதப்படுவதால் செல்வத்தைக் குறிக்கும். அணுகி வந்து ஏதேனும் தந்தால் நன்மை. சுற்றி வளைத்து இறுக்கினால் சிறை. நோயாளி கண்டால் மரணம். ஏனெனில் அது மண்ணின் பிள்ளை, மண்ணுக்குள் வாழ்வது.

இவையனைத்தையும் விட ஆழமானது அவர் தம் மகனுக்கு எழுதிய நான்காம் பகுதியில் கூறும் ஒரு செய்தி. கருவுற்ற ஏழு பெண்கள், தாம் பெருநாகத்தை ஈன்றதாக ஒரே கனவைக் கண்டனராம். ஒருத்தி செல்வக் குடியினள். அவள் மகன் பெரும் பேச்சாளன் ஆனான். பேச்சாளனைப் போலப் பாம்புக்கும் நா இரண்டு. ஒருத்தி கோயில் பூசகரின் மனைவி. அவள் மகன் மறைச் சடங்குகளின் தலைவன் ஆனான். ஒருத்தி குறி கூறுவோரின் மகள். அவள் மகனும் புகழ்பெற்ற குறிகாரன் ஆனான். ஒழுக்கம் தவறிய ஒருத்தியின் மகன் பிறர் மனை நாடித் திரிந்தான். பாம்பு இடுக்கு வழியே நுழைவதன்றோ! மற்றொருத்தியின் மகன் கொள்ளையனாகித் தலை வெட்டுண்டான். பிடிபட்ட பாம்பை மக்கள் தலையிலே அடித்துக் கொல்வர். அடிமைப் பெண் ஒருத்தியின் மகன் ஓடிப்போன அடிமையானான். பாம்பு நேர்வழியில் செல்வதில்லை. ஏழாமவள் கனவு கண்ட நாளில் நோயுற்றுக் கிடந்தாள். அவள் மகன் உடல் முடங்கியவன் ஆனான். பாம்பு நடக்க முழு உடலையும் இழுக்க வேண்டியிருக்கிறது.

இவ்விளைவுகளை நாம் நம்ப வேண்டியதில்லை. அடிமையின் மகனுக்கு ஓட்டத்தையும் செல்வர் மகனுக்கு நாவன்மையையும் வகுத்தளித்தது அக்காலச் சமுதாயமே அன்றிக் கனவன்று எனவும் கூறலாம். ஆயினும் ஆசிரியர் தம் மகனுக்குப் புகட்ட விரும்பிய பாடம் தெளிவானது. கனவு ஒன்று, பொருள் ஏழு. வேறுபாடு பெருநாகத்திடம் இல்லை. அதனைக் கண்ட பெண்களிடம் இருந்தது. கனவு கண்டவர் யார், அவர் தொழில் யாது, செல்வரா வறியவரா, நலமுடையவரா நோயாளியா என்று கேட்டறியாமல் வாய் திறவாதே என்பதே அவர் வகுத்த விதி.

பக்தாதில் ஒரு மொழிபெயர்ப்பு

இந்நூல் ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் பக்தாதை அடைந்தது. அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் கிரேக்க மருத்துவத்தையும் தத்துவத்தையும் அரபியில் பெயர்த்தோருள் முதல்வர், ஹீரா நகரத்துக் கிறித்தவ மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873). அவரே கனவு நூலையும் பெயர்த்தார். கிரேக்கத் தெய்வங்கள் வந்த இடங்களில் பெரும்பாலும் மலக்குகளை அமர்த்தி, ஓரிறைக் கொள்கையுடைய வாசகர்க்கு அந்நூலை உரியதாக்கினார். பக்தாதின் நூல் வணிகர் இப்னுன் நதீம் 987இல் தொகுத்த நூற்பட்டியலில் இம்மொழிபெயர்ப்பு இடம்பெற்றுள்ளது. நெடுங்காலம் மறைந்து கிடந்த அதன் கையெழுத்துப் படி ஒன்று இஸ்தான்பூல் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டறியப்பட்டு, 1964இல் திமிஷ்கில் அச்சேறியது. அப்படியில் முதல் மூன்று பகுதிகளே உள்ளன. ஏழு தாய்மாரின் கதை வரும் நான்காம் பகுதி அதில் இல்லை.

ஆயினும் கனவுக் கலையை முஸ்லிம்கள் கிரேக்கரிடம் முதலில் கற்றனர் எனக் கூறுதல் பிழையாகும். யூசுஃப் அத்தியாயம் அவர்கள் கையில் இருந்தது. நல்லடியாரின் உண்மைக் கனவு நபித்துவத்தின் நாற்பத்தாறு பகுதிகளுள் ஒன்று என்னும் நபிமொழி இருந்தது. தீய கனவு கண்டவர் இறைவனிடம் காவல் தேடி, அதனைப் பிறரிடம் சொல்லாது விடுதல் வேண்டும் என்னும் அறிவுரையும் இருந்தது. பஸராவின் துணி வணிகர் முஹம்மது இப்னு சீரீன் (ரஹ்) ஹிஜ்ரி 110இல் மறைந்தபோது ஹுனைன் பிறந்திருக்கவே இல்லை.

இப்னு சீரீனைப் பற்றி வழங்கும் ஒரு நிகழ்ச்சியை இங்கே ஏழு தாய்மார் கதையோடு ஒப்பிடுதல் தகும். தாம் பாங்கு சொல்வதாகக் கனவு கண்ட இருவர் தனித்தனியே அவரிடம் வந்தனர். ஒருவரிடம், நீர் ஹஜ் செய்வீர் என்றார். மற்றவரிடம், திருட்டுக் குற்றத்தில் உம் கை வெட்டப்படும் என்றார். உடனிருந்தோர் வியந்து காரணம் வினவினர். முன்னவர் முகத்தில் நன்மையின் அடையாளத்தைக் கண்டதால், ஹஜ்ஜுக்கு அழைப்பு விடுக்குமாறு கூறும் வசனம் தம் நினைவுக்கு வந்தது என்றார். பின்னவர் தோற்றம் பிடிக்காததால், யூசுஃப் (அலை) வரலாற்றில் வணிகக் கூட்டத்தாரைத் திருடர் என அழைத்த அறிவிப்பு நினைவுக்கு வந்தது என்றார். எபேசு நகரத்தாரை அறியாமலே பஸராவின் அறிஞர் அதே விதியைக் கண்டிருந்தார்.

தின்னீன் என்னும் தலைப்பு

இரு நீரோட்டங்களும் கலந்த பின் அரபுக் கனவு நூல்கள் பெருகின. கலீஃபா அல்காதிர் பில்லாஹ்வின் பெயரால் தீனவரீ ஹிஜ்ரி 397இல் எழுதிய பெருநூல் ஆர்ட்டெமிடோரஸையும் எடுத்தாண்டது. திமிஷ்கின் சூஃபி அறிஞர் அப்துல் கனீ நாபுலுஸி (1641–1731) அகர வரிசையில் ஒரு கனவு அகராதியே தொகுத்தார். இப்னு சீரீன் பெயரால் இன்று விற்கப்படும் பெருந்தொகுப்பு அவர் மறைந்து பல நூற்றாண்டு கழித்து உருவானது. அவர் கைப்பட எழுதிய கனவு நூல் எதுவும் கிடைக்கவில்லை என்பதே ஆய்வாளர் முடிவு.

இப்பிற்காலத் தொகுப்புகளில் தின்னீன் என்னும் தலைப்பைப் புரட்டினால் பழைய முகங்கள் தென்படுகின்றன. அஞ்சத்தக்க கொடுங்கோல் மன்னன் என்பது ஒரு பொருள். மறைத்து வைத்த பகை என்பது மற்றொன்று. தலைகள் பலவானால் தீமையும் அதற்கேற்பப் பெருகும். நீண்ட காலம் என்பது வேறொன்று. நோயாளி கண்டால் மரணம் என்பதும் உண்டு. அரசனும் காலமும் நோயாளியின் மரணமும் எபேசிலிருந்து வந்தவை என்பது வெளிப்படை. ‘கொடுங்கோல்’ என்னும் அடைமொழியும் மறைந்த பகையும் அரபு மண்ணில் சேர்ந்தவை. பாரசீகத்தின் ஸஹ்ஹாக்கை அறிந்தவர்க்குப் பெருநாக மன்னன் நல்லவனாகத் தோன்றுவது எளிதன்று.

அரசனுக்கும் பெருநாகத்திற்கும் இருந்த இத்தொடர்பு கனவு நூல்களில் மட்டும் வாழவில்லை. கலீஃபா அந்நாஸிர் 1221இல் பக்தாத் மதிலில் புதுப்பித்த வாயிலின் மேல், இரு பெருநாகங்களின் நாவை இரு கைகளாலும் பற்றி அமர்ந்திருக்கும் முடிசூடிய உருவம் செதுக்கப்பட்டிருந்தது. அவ்வழியே நகருள் நுழைந்தவர், பெருநாகத்தை அடக்குபவரே ஆள்பவர் எனக் கல்லிலே படித்தனர். முதல் உலகப்போரில் 1917இல் பின்வாங்கிய உதுமானியப் படை அவ்வாயிலை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. இன்று நிழற்படங்களே எஞ்சியுள்ளன.

ஐரோப்பாவிலும் அரசத் தொடர்பு அற்றுப் போகவில்லை. கிறித்தவ மரபு பெருநாகத்தைச் சாத்தானாகக் கண்டது. எனினும், 1136ஐ ஒட்டி ஜெஃப்ரி எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றில், கரடியோடு பொருது வென்ற டிராகனைக் கனவில் கண்ட ஆர்தர் மன்னர், அந்த டிராகன் தாமே எனக் கொண்டார். அரபுக் கனவுக் கலையும் மேற்கே சென்றது. இப்னு சீரீனின் பெயர் சிதைந்து ஒலிக்கும் அஹ்மத் என்பார் பெயரில், அரபு மூலங்களைக் கொண்டு ஒரு கிரேக்கக் கனவு நூல் பத்தாம் நூற்றாண்டளவில் எழுந்தது. 1176இல் கான்ஸ்தாந்திநோபிளில் அது இலத்தீனுக்கும் பெயர்க்கப்பட்டது. கிரேக்கரிடம் பெற்ற கடனை அரபியர் கிரேக்க மொழியிலேயே திருப்பித் தந்தனர் எனலாம்.

ஏழில் எஞ்சிய ஒன்று

இனி, நம் கவனத்திற்குரிய செய்திக்கு வருவோம். அரபு அகராதிகளின் தின்னீன் தலைப்பில் மேலும் ஒரு விளக்கம் உண்டு. ஒரு பெண் தான் பெருநாகத்தை ஈன்றதாகக் கண்டால் முடமான குழந்தை பிறக்கும். ஏனெனில் பெருநாகம் தன் உடலை இழுத்துக்கொண்டு செல்வது. இது எங்கிருந்து வந்தது என்பதை வாசகர்கள் உடனே அறிந்திருப்பார்கள். ஏழு தாய்மாருள் ஏழாமவளின் கதையே இது! ஹுனைனின் கிடைத்துள்ள படியில் நான்காம் பகுதி இல்லாவிடினும், அதன் செய்தி ஏதோ ஒரு வழியில் அரபு நூல்களை எட்டியிருந்தது எனக் கொள்ள இதனால் இடமுண்டு.

ஆனால் வந்து சேர்ந்தது எது, வழியில் விடுபட்டது எது எனப் பாருங்கள். பேச்சாளனின் தாய் இல்லை. பூசகரின் மனைவி இல்லை. குறிகாரரின் மகள் இல்லை. ஏழாமவள் அன்று நோயுற்றிருந்தாள் என்ற குறிப்பும் இல்லை. ஒரு தாயின் நிலையைச் சுட்டிய செய்தி, எல்லாத் தாய்மார்க்கும் உரிய விதியாகிவிட்டது. ஒரே கனவுக்கு ஒரே பொருள் கூறலாகாது என்பதற்குச் சான்றாக எழுதப்பட்ட கதையின் துண்டு, ஒரே பொருள் கூறுவதற்கே பயன்படலாயிற்று.

இது தொகுத்தவர்களின் அறியாமையால் நேர்ந்ததன்று. கண்டவரின் நிலைக்கேற்பப் பொருள் மாறும் என்பதை அவர்கள் தம் முன்னுரைகளில் கூறவே செய்தனர். அகர வரிசை என்னும் அமைப்பு அதனைச் செய்தது. கனவைத் தலைப்பாக்கிக் கண்டவரை விட்டுவிடுவது அகராதியின் இயல்பு. முஅப்பிர் எனப்படும் கனவு விளக்குநர் எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, குடும்பம் கேட்டு, ஒருவேளை ஒன்றும் சொல்லாமலே அனுப்பிவிடக்கூடும். அச்சிட்ட பக்கம் முகம் பார்ப்பதில்லை.

இவ்விடரை முன்பே நன்கு உணர்ந்தவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில் கனவுக் கலைக்கென ஒரு பகுதி ஒதுக்கிய அவர், ஒரே உருவம் ஓரிடத்தில் ஒன்றையும் வேறிடத்தில் வேறொன்றையும் குறிக்கும் என்பதற்குக் கடலையும் பாம்பையும் எடுத்துக்காட்டினார். பாம்பு ஓரிடத்தில் பகைவன், ஓரிடத்தில் இரகசியத்தைக் காப்பவன், மற்றோரிடத்தில் வாழ்வு. அரபியில் பாம்பு ‘ஹய்யா’, வாழ்வு ‘ஹயாத்’ என்பதை நினைத்தால் இறுதிப் பொருளின் நயம் விளங்கும். பொது விதிகளை மனத்திற் கொண்டு, அவற்றுள் எது பொருந்தும் என்பதைச் சூழ்நிலையிலிருந்து தேர்வதே விளக்குநரின் பணி என்றார் அவர். அதற்கு முன்பே இமாம் மாலிக் (ரஹ்), அறியாதார் கனவுக்குப் பொருள் கூறுவதை நபித்துவத்தோடு விளையாடுவதாகக் கண்டித்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் உளநூலாரும் இதே சந்தியில் வந்து நின்றனர். 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் கனவு நூலில் ஃபிராய்டு, ஆர்ட்டெமிடோரஸை மதிப்போடு குறிப்பிட்டு, கனவின் உள்ளடக்கத்தோடு கண்டவரின் நிலையையும் அவர் கணக்கிற் கொண்டதை எடுத்துரைத்தார். யுங் 1912இல் வெளியிட்ட ஆய்வில், வீரன் பெருநாகத்தோடு பொருவது மனத்தின் இருண்ட ஆழத்தினின்று ஒருவன் தன்னை விடுவித்துக்கொள்ளும் போராட்டமாக விளக்கம் பெற்றது. பாம்பு இதனையே குறிக்கும் என்னும் ஒற்றை வரி விளக்கங்கள் அவர்கள் பெயராலும் இன்று மலிந்துவிட்டன. எபேசு ஆசிரியர்க்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது.

வரலாற்றின் இத்தனை பக்கங்களிலும் பெருநாகம் ஒருபொழுதும் தனியே வரவில்லை. அரச மரபற்ற லியூ பாங்கிற்கு அது மரபாக வந்தது. அறிஞரின் தாய்க்குக் கல்வியாக வந்தது. மொர்தெகாய்க்குத் தம் முகமாகவே வந்தது. கொடுங்கோலன் ஸஹ்ஹாக்கின் கனவிலோ பெருநாகம் தோன்றவே இல்லை. பெருநாகமே கனவு கண்டது. ஒவ்வோர் இடத்திலும் கண்டவரை நீக்கிவிட்டால் எஞ்சுவது செதிலும் வாலும் மட்டுமே.

எங்கோ ஓர் இல்லத்தில் கருவுற்ற பெண்ணொருத்தி அச்சத்தோடு விழித்தெழுந்து, மலிவுப் பதிப்பொன்றில் தன் கனவுக்குப் பொருள் தேடக்கூடும். அவள் கண்ணில் படுவது ஏழாமவளின் விதி. அந்த ஏழாமவள் நோயுற்றிருந்தாள் என்பதையும், அதே கனவைக் கண்ட வேறு அறுவர் இருந்தனர் என்பதையும், அவர்களுள் ஒருத்தியின் மகன் நாவன்மையால் புகழ் பெற்றான் என்பதையும் அப்பக்கம் அவளுக்குச் சொல்லாது. அருகிலிருக்கும் மூத்தவர் எவரேனும் சொல்ல வேண்டும். அல்லது, தீய கனவைப் பிறரிடம் சொல்லாது இறைவனிடம் காவல் தேடி மறுபுறம் திரும்பிப் படுக்கச் சொன்ன அந்த எளிய அறிவுரையையேனும் அவளுக்கு நினைவூட்ட வேண்டும்.